கருக்கலில் கண் திறக்கிற பிள்ளை

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் கண்ணில் நிறம் பார்க்கிற செல்கள் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நாலரை வருடம் ஆனது. யாராவது ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் அதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கைக்குழந்தை வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது, கண்மணி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைப் படிக்கக் கொடுங்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் கணக்கு பார்க்கிறேன். உப்பளத்து வெயில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். மேலிருந்து அடிப்பது பாதி, பாத்தியிலிருந்து திருப்பி அடிப்பது பாதி. பங்குனி, சித்திரையில் உப்பு அம்பாரத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் பேரேடே தெரியாது. ஒருநாள் மதியம் என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போது பிள்ளைக்கு ஏழு மாதம். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தவள் கடைசிவரை நிமிரவே இல்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு வந்து பிள்ளையின் நெற்றிக்கு மேலே கையால் நிழல் பிடித்தார். "தம்பி, பிள்ளைக்கு வெயிலு ஆகல. கருக்கல்ல கூட்டிட்டு வந்து பாருங்க" என்றார்.

நான் கூட்டிக்கொண்டு போனேன். சூரியன் விழுந்து, மேற்கே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்த நேரம். பிள்ளை கண்ணை அகலத் திறந்து, தெப்பத்து ஓரம் நடந்துபோன கொக்கைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய தடயம் என்று எனக்கு உறைக்கவில்லை. அதை எந்த டாக்டரிடமும் நான் சொல்லவும் இல்லை. அவர்களும் கேட்கவில்லை.

முதலில் பார்த்த இடத்தில் கண் ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அடுத்த இடத்தில் ப்ளஸ் பவர் இருக்கிறது என்று கண்ணாடி கொடுத்தார்கள். பவர் இருந்தது உண்மைதான், ஆனால் கண்ணாடி போட்டும் வெயிலில் கண் திறக்கவில்லை. மூன்றாவது இடத்தில் பார்வை வளர்ச்சி தாமதம், போகப்போகச் சரியாகும் என்றார்கள். இரண்டரை வயதுக்கு மேல் கண் ஆட்டம் உண்மையிலேயே குறைந்தது. அதனால் சரியாகிக்கொண்டு வருகிறது என்றே நம்பினோம். இந்தக் குறையில் ஆட்டம் வயதோடு குறைவது வழக்கம், அதற்கும் பார்வை கூடுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்.கே.ஜி.யில் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். "பாப்பா எல்லாம் நல்லாச் சொல்றா, கலர் மட்டும் மாத்தி மாத்திச் சொல்றா" என்றார். வீட்டுக்கு வந்து கிரேயான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கிரேயானிலும் வெவ்வேறு இடத்தில் நகத்தால் கீறி வைத்திருந்தாள். நுனியில் கீறினது ஒன்று, நடுவில் இரண்டு கோடு ஒன்று, காகிதத்தைக் கொஞ்சம் உரித்தது ஒன்று. எது சிவப்பு, எது பச்சை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அடையாளம் வைத்திருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை. புது டப்பா வாங்கிக் கொடுத்த அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா நெத்தியில என்ன கலர் இருக்கு?" என்று கேட்டாள். பிள்ளை தயங்காமல் சொன்னாள்: "கறுப்பு." அவள் வைத்திருந்தது குங்குமம்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி: "சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்ச பிறகு பிள்ளை எப்படி இருக்கா?" நான் கொக்குக் கதையைச் சொன்னேன். நாலு வருடம் கழித்து, கேட்க வேண்டியவர் கேட்டார். அவர் ஈ.ஆர்.ஜி. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் பலர் பெயரைக் கேட்டே பயப்படுகிறார்கள். கண்ணுக்கு ஊசி கிடையாது. கண்மணியை விரிக்க சொட்டு மருந்து விட்டு, கீழ் இமைக்குள் நூல் மாதிரி ஒரு மெல்லிய கம்பியை வைக்கிறார்கள். விழித்திரை வெளிச்சத்துக்குக் கொடுக்கிற மின்பதிலை அது பிடிக்கும், இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போல. முதலில் இருபது நிமிடம் இருட்டறையில் உட்கார வைத்து மங்கலான மின்னல் கொடுத்தார்கள். பேப்பரில் அலை அழகாக எழுந்தது. அப்புறம் பின்னணியைப் பிரகாசமாக்கி, விநாடிக்கு 30 தடவை மின்னுகிற வெளிச்சம் கொடுத்தார்கள். கோடு நேராகப் போனது. எழவே இல்லை. டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இருட்டுல பார்க்கிற செல் எல்லாம் நல்லா இருக்கு. பகல்ல பார்க்கிற செல் பேசவே மாட்டேங்குது" என்றார். அக்ரோமடாப்சியா என்று பெயர் சொன்னார். முழு நிறக்குருடு என்று தமிழில் சொல்கிறார்கள், ஆனால் நிறம் தெரியாதது இதில் சின்னப் பகுதிதான்.

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள். கோல் செல்கள் ஒரு கண்ணில் ஏறக்குறைய 12 கோடி. மங்கலான வெளிச்சத்துக்கு அவைதான். கூம்பு செல்கள் ஏறக்குறைய 60 லட்சம். பகல் வெளிச்சம், நிறம், நுணுக்கம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. விழித்திரையின் நட்ட நடுவில், நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படுத்துகிற சின்ன இடத்தில், கூம்பு செல்கள் மட்டும்தான் இருக்கின்றன, கோல் செல் கிடையாது. அந்த நடு இடம் பேசாவிட்டால் கண்ணுக்கு ஊன்ற இடமில்லை, அதனால் ஆடுகிறது. பார்வை 6/60 அளவில் நின்றுவிடுகிறது. மற்றவர் 60 மீட்டரில் பார்க்கிற எழுத்தை அவள் 6 மீட்டருக்கு வந்து பார்க்க வேண்டும். பகலில் அவள் கோல் செல்களை வைத்தே சமாளிக்க வேண்டும். அவையோ வெயில் ஏறினால் நிரம்பி வழிந்துவிடும். ஃபோட்டோவில் வெளிச்சம் கூடிப்போய் எல்லாம் வெள்ளையாக வெளிறிப் போகுமே, அப்படி. அவள் கண்ணை மூடினது கூச்சத்தால் மட்டுமில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்பதால்தான்.

அப்புறம் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. எட்டாவது குரோமோசோமில் இருக்கிற சி.என்.ஜி.பி.3 என்ற மரபணுவில், இரண்டு நகலிலும் ஒரே மாற்றம். என் நகலிலிருந்து ஒன்று, என் மனைவியின் நகலிலிருந்து ஒன்று.

அந்த மரபணு என்ன செய்கிறது என்று மரபணு ஆலோசகர் படம் போட்டு விளக்கியபோது, எனக்கு எங்கள் அளத்து மடைதான் கண்முன் வந்தது. கூம்பு செல்லின் சுவரில் குட்டி மடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மடையும் நாலு துண்டுகளால் ஆனது: மூன்று துண்டை சி.என்.ஜி.ஏ.3 என்ற மரபணுவும், ஒரு துண்டை சி.என்.ஜி.பி.3 மரபணுவும் செய்து தருகின்றன. இருட்டில் மடை திறந்திருக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். சோடியம் என்றால் வேறொன்றுமில்லை, நாங்கள் பாத்தியில் வாருகிற உப்பில் பாதி. வெளிச்சம் விழுந்ததும் செல்லுக்குள் ஒரு ரசாயனம் குறைந்து மடை மூடிக்கொள்கிறது. ஓட்டம் நின்றதுதான் செய்தி. "வெளிச்சம் வந்தது" என்று அடுத்த செல்லுக்குப் போகிற தகவல் அதுதான். 809 அமினோ அமிலங்கள் கோத்துச் செய்ய வேண்டிய அந்த நாலாவது துண்டு, என் மகளுக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மடை சரியாக உருவாகவில்லை. ஓட்டமே இல்லாத வாய்க்காலில் எதை மூடி எதைச் சொல்ல? கோல் செல்லின் மடைக்கு வேறு மரபணுக்கள் என்பதால் அது தப்பித்தது.

வீட்டில் இதைச் சொன்ன நாள் கஷ்டமானது. என் மனைவி எனக்கு அத்தை மகள். என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை மகள். பேத்தியைப் பார்த்துக்கொண்டே அத்தை, "அப்ப எங்க வீட்டு ரத்தம்தானா?" என்று அழுதார். அம்மா ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தப் பேசாமையும் அத்தையைக் குத்தியது. நான் ஆலோசகர் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த மாற்றம் ஒரு நகலில் மட்டும் இருந்தால் எந்தக் குறையும் வராது; அப்பாவுக்கோ அத்தைக்கோ, எனக்கோ மனைவிக்கோ கண்ணில் ஒன்றுமில்லை. நம் எல்லாரிடமுமே இப்படிச் சில மாற்றங்கள் ஒளிந்துதான் இருக்கின்றன. அதே மாற்றம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே மாற்றம் இரண்டு வழியாக வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அதில் யார் தப்பும் இல்லை. ஆனால் தெரிந்த பிறகு அதை மறைப்பது தப்பு.

உலகத்தில் ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வருகிற குறை இது. ஒரே ஒரு இடத்தில் கணக்கு தலைகீழ். பசிபிக் கடலில் மைக்ரோனீசியாவில் பிங்கெலாப் என்று ஒரு சின்னத் தீவு. 1775 வாக்கில் பெரும் புயலும் அதன் பின்னால் பஞ்சமும் வந்து இருபது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். மிஞ்சினவர்களில் ஒருவரிடம் இதே சி.என்.ஜி.பி.3 மரபணுவில் ஒரு மாற்றம் இருந்திருக்கிறது. அவர்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்துப் பெருகியதில், இன்று அங்கே நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இந்தக் குறை. அவர்கள் மொழியில் இதற்கு 'மஸ்குன்' என்று பெயர், பார்க்காதது என்று பொருள். அந்த ஊரில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ராத்திரிக் கடலில் பந்தம் கொளுத்தி பறவைக் கோலா பிடிப்பதில் மஸ்குன் ஆட்கள் கெட்டிக்காரர்களாம். இதை அத்தையிடம் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடற்கரை ஊர்க்காரருக்கு மீன்பாடு தெரிந்தவன் என்றால் அது பெரிய மரியாதை.

1994-இல் அந்தத் தீவுக்கு நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் போனபோது, நார்வேயைச் சேர்ந்த க்னூட் நோர்ட்பி என்பவரையும் அழைத்துப் போனார். நோர்ட்பி பார்வையைப் பற்றி ஆராய்ந்த விஞ்ஞானி. அவருக்கே பிறவியிலிருந்து இதே குறை. எங்கள் மகளுக்கு அவர் கதையை நாங்கள் நிறையத் தடவை சொல்லியிருக்கிறோம்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

எங்கள் வாழ்க்கையை மாற்றியது கண்ணாடிதான். கோல் செல்கள் நீலப்பச்சை வெளிச்சத்துக்கு ரொம்ப அசையும், 500 நானோமீட்டர் பக்கம். 600-ஐத் தாண்டிய சிவப்புக்கு அவை கிட்டத்தட்ட அசையவே அசையாது. குங்குமம் கறுப்பாகத் தெரிந்தது இதனால்தான். இதையே திருப்பிப் போட்டால் வைத்தியம்: கருஞ்சிவப்புக் கண்ணாடி போட்டால் சிவப்பு மட்டும்தான் உள்ளே போகும், கோல் செல்கள் நிரம்பி வழியாது. லோ விஷன் கிளினிக்கில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஒவ்வொரு டின்ட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். பிரவுனுக்கு ஒரு கண்ணைத் திறந்தாள். கருஞ்சிவப்பைப் போட்டதும் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்து, "அப்பா, தண்ணித் தொட்டில என்னமோ எழுதிருக்கு" என்றாள். கம்பெனிப் பெயர்தான் எழுதியிருந்தது. நாலரை வயதில், உச்சி வெயிலில், அவள் தூரத்தில் எதையோ பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டின்ட் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஒத்துவராது. பிள்ளையை வெயிலில் நிறுத்திப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அறைக்குள் வைத்து அல்ல. பக்கவாட்டிலும் மேலேயும் வெளிச்சம் நுழையாத ஃப்ரேம் வேண்டும். முன்விளிம்பு நீண்ட தொப்பியும் வேண்டும். இரண்டு கண்ணாடி வாங்குங்கள். வெளியே கருஞ்சிவப்பு, வீட்டுக்குள்ளும் வகுப்பிலும் லேசான சிவப்பு டின்ட். கருஞ்சிவப்பைப் போட்டுக்கொண்டு இருட்டான மாடிப்படி ஏறினால் படி தெரியாது, எங்கள் பிள்ளை அப்படி ஒரு தடவை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் நிலைவாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நுழையச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அவசரப்படுத்துகிற பெரியவர்களிடமும் அதைச் சொல்லி வைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் அவள் நோட்டில் ஒரே தப்பை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தாள். "திருத்திக் கொடுக்கிறேன், பார்க்கவே மாட்டேங்கிறா" என்று டீச்சருக்கு வருத்தம். எனக்கும் கோபம் வந்தது. ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்ணாடியைக் கழற்றி நான் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் சுழித்திருந்த ஒரு திருத்தம்கூடத் தெரியவில்லை. சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளைத் தாளும் சிவப்பு, சிவப்பு மையும் சிவப்பு. அவளுடைய நோட்டு எனக்கு அப்போது சுத்தமாக, யாரும் தொடாததாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், திருத்தங்கள் வந்தன. போட்டேன், போயின. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டீச்சரிடம் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அன்றைக்கே அவர் கறுப்புப் பேனாவுக்கு மாறிவிட்டார். உங்கள் பிள்ளைக்குச் சிவப்பு டின்ட் என்றால், பள்ளி திறக்கிற முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். கேள்வித்தாளில் சிவப்பு அச்சு, வாய்ப்பாட்டு அட்டையில் சிவப்பு எழுத்து எல்லாமே இந்தக் கணக்குத்தான்.

மற்றவை சுலபம். ஜன்னலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி முன் வரிசையில் இடம், பக்கத்தின் மேல் வைத்து நகர்த்துகிற அரைக்கோளப் பூதக்கண்ணாடி, போர்டைப் பார்க்க ஒற்றைக்கண் டெலஸ்கோப். பி.டி. பீரியடை மதியத்திலிருந்து கடைசிக்கு மாற்றக் கேட்டோம், முடியாது என்றார்கள். மர நிழலில் நிற்க அனுமதி வாங்கினோம். இந்தியா மேப்பில் மாநிலங்களை நிறத்தால் பிரித்திருந்தால் நான் பென்சிலால் கோடு, புள்ளி, கட்டம் என்று போட்டுக் கொடுப்பேன். மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டைக்குச் சோம்பல்படாமல் விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள் போன்றவற்றைக் கேட்க உரிமை இருக்கிறது. நிறம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பிடுகிற டாக்டரிடம் போகாமல், ஈ.ஆர்.ஜி. தாளையும் கண்ணாடி போட்ட பிறகான பார்வை அளவையும் கையில் எடுத்துப்போக வேண்டும்.

வீட்டில் நாங்கள் பழகியது: பழம் பழுத்ததா என்று அவள் மோந்து பார்ப்பாள், அமுக்கிப் பார்ப்பாள். எங்களைவிடச் சரியாகச் சொல்வாள். அடிபட்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது என்பதால் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். மாத்திரை டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம். நிறங்களின் பெயரை அவள் படிக்க வேண்டும். வானம் நீலம், இலை பச்சை என்று உலகம் பேசிக்கொள்வதில் அவளும் சேர வேண்டும். ஆனால் சொந்தக்காரர்கள் வந்து, "இது என்ன கலர் சொல்லு பார்ப்போம்" என்று துணியைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிட்டோம். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தினமும் பரீட்சை எழுத வைக்கக் கூடாது.

பணத்தை இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிறக்குருடைச் சரிசெய்யும் கண்ணாடி என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். அது சிவப்பு–பச்சை குழம்புகிறவர்களுக்கானது. அவர்களுக்குக் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன, வகை பிரிப்பதில்தான் சிக்கல். கூம்பு செல்லே பேசாத என் மகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் நிறம் தெரியும் என்றார். நல்லவேளை, மதுரை டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "ரிப்போர்ட்ல இருக்கிற மரபணுப் பெயரை அவர்கிட்ட சொல்லி, அதுக்கு என்ன செய்யறீங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். பதில் வரவில்லை.

உண்மையான ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. அலாஸ்கன் மாலமூட் நாய்களில் இதே சி.என்.ஜி.பி.3 குறை இயற்கையாகவே உண்டு. பகலில் தட்டுத் தடுமாறும். தீங்கில்லாத ஒரு வைரஸில் சரியான மரபணுவை ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தியபோது, அவற்றின் கூம்பு செல்கள் வேலை செய்யத் தொடங்கின என்று 2010-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு லண்டனிலும் அமெரிக்காவிலும் சி.என்.ஜி.பி.3-க்கும், ஜெர்மனியின் ட்யூபிங்கனில் சி.என்.ஜி.ஏ.3-க்கும் மனிதர்களிடம் சோதனைகள் நடந்தன. பலன் நாய்களில் கண்ட அளவுக்கு இல்லை. அங்கீகாரம் பெற்ற மருந்து இதுவரை எதுவும் வரவில்லை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கண் மரபணு மருந்து ஆர்.பி.இ.65 என்ற வேறு மரபணுவுக்கானது. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எது வந்தாலும் முதல் கேள்வி "எந்த மரபணு?" என்பதுதான். இந்தக் குறையில் பார்வை பெரும்பாலும் அப்படியே நிற்கும், ஓடி ஓடிக் குறைந்துகொண்டு போகாது. அதனால் பதற்றத்தில் எதையும் முடிவு செய்யத் தேவையில்லை.

போன வருடம் என் தங்கையை மனைவியின் தம்பிக்குக் கேட்டார்கள். மறுபடியும் அதே இரண்டு வீடு. நான் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துரலாம் மாமா, ஒரே ஒரு மாற்றத்தைத் தேடுற டெஸ்ட்தான்." எங்கள் ரிப்போர்ட்டில் மாற்றம் இன்னது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால், மற்றவர்களுக்குப் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு. மாமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "கல்யாணப் பேச்சுல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்கு மாப்பிள?" என்றார். அத்தைதான் எழுந்து வந்து, "பிள்ளை நாலரை வருஷம் கண்ணை மூடிட்டு இருந்தா. பார்த்துட்டே முடிவு பண்ணுவோம்" என்றார். என் தங்கைக்கு அரைக்கு அரை வாய்ப்பு, மைத்துனனுக்கும் அப்படியே. ரிசல்ட் வந்தது. மைத்துனனிடம் மாற்றம் இருந்தது, தங்கையிடம் இல்லை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு இந்தக் குறை வராது. சிலர் கடத்துகிறவர்களாக இருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு பேரிடமும் இருந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசி வைத்திருந்தோம்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. ராத்திரி ரிசப்ஷனில் வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட்டைப் பற்றி அவரிடம் முன்னாடியே பேசி வைக்க மறந்துவிட்டேன். மேடையில் அத்தை பக்கத்தில் நின்ற என் மகள் மேல் அது நேராக அடித்தது. நான் கீழேயிருந்து எழுந்து ஓடுவதற்குள், அவள் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்குப் போய், அவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் லைட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டேன், என்ன சொன்னாய் என்று.

"அண்ணே, எனக்கு கூம்பு செல் வேலை செய்யாது, லைட்ட சுவத்துல அடிங்க, அங்க இருந்து வர்ற வெளிச்சம் எனக்குப் போதும்னு சொன்னேன்" என்றாள்.